நீர்ப்பறவைகள் எல்லாவற்றுக்கும் சவ்வுக்கால் இல்லாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். நீர்ப்பறவைகளின் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும் என்றே பாடநூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. ஆனால் வாத்தோடு ஒரே குளத்தில் நீந்தும் நாமக்கோழிக்கு விரல்கள் தனித்தனியாக இருக்கின்றன. இலைக்கோழிக்கோ சவ்வே கிடையாது. ஒரே நீர்நிலையில் வாழும் பறவைகளின் கால்கள் இவ்வளவு வேறுபடுவது ஏன்?

மறுமொழி 1:
பறவை எங்கே வாழ்கிறது என்பதைவிட, அங்கே அது என்ன செய்கிறது என்று பார்ப்பதே சரி. வாத்தின் முன்விரல்கள் மூன்றையும் இணைக்கும் சவ்வு, காலைப் பின்னுக்குத் தள்ளும்போது அகல விரிந்து நீரை உந்துகிறது. காலை முன்னே இழுக்கும்போது விரல்கள் ஒன்றுசேர்வதால் சுருங்கிவிடுகிறது.

நாமக்கோழியோ நீந்துவதோடு நிற்பதில்லை. கரையேறிப் புல் மேய்கிறது, சேற்றில் நடக்கிறது, எல்லைத் தகராறு வந்தால் காலால் உதைத்துச் சண்டையும் போடுகிறது. அதன் விரல்களின் ஓரத்தில், கணுவுக்குக் கணு தனித்தனியாக அமைந்த தோல்மடல்கள் இருக்கின்றன. உந்தும்போது இவை விரிந்து துடுப்பாகின்றன, காலை இழுக்கும்போது பின்பக்கமாக மடிந்துகொள்கின்றன. விரல்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாததால் நடைக்கும் இடையூறு இல்லை.

இலைக்கோழிக்கு மிதக்கும் இலைகளின்மேல் நடப்பதுதான் முக்கியம். மிக நீண்ட விரல்களும், அவற்றுக்கு ஈடான நீண்ட நகங்களும் உடல் எடையைப் பரவலாகப் பிரித்துவிடுவதால் இலை அமிழ்வதில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் வேலையை மட்டும் வைத்துக் காலை விளக்கிவிட முடியாது, மரபுவழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்குளிப்பானுக்கும் விரல்மடல்கள் உண்டு என்பதால் அது நாமக்கோழியின் உறவு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நாமக்கோழி, கிரேன் (crane) எனப்படும் பெருங்கொக்கு வகைகளில் ஒன்றான சாரசுக்கு நெருங்கியது. மரபணு ஆய்வுகளின்படி முக்குளிப்பானின் மிக நெருங்கிய உறவு பூநாரை, அதன் முன்விரல்களுக்கிடையிலோ சவ்வு இருக்கிறது! ஆக, விரல்மடல் என்ற அமைப்பு இவ்விரு மரபுகளிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. முக்குளிப்பானின் கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் நீருக்கடியில் அது விரைந்து செல்லும், தரையிலோ தடுமாறும்.

சவ்வுக்கால் பறவை மரத்தில் அமராது என்ற எண்ணமும் தவறு. நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் பின்விரல் உட்பட நான்கு விரல்களையும் சவ்வு இணைக்கிறது; ஆயினும் அவற்றில் பல இனங்கள் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் சவ்வும் மடலும் இல்லாமலே நன்றாக நீந்தும் பறவை உண்டா?

மறுமொழி 3:
உண்டு. தாழைக்கோழிக்கு இரண்டுமே இல்லை. நீண்ட விரல்களை வைத்துக்கொண்டே, தலையை முன்னும் பின்னும் அசைத்தபடி நீந்துகிறது. இன்னும் வியப்பானது, மலையோடைகளில் வாழும் டிப்பர் என்னும் சிறு பறவை. சிட்டுக்குருவியைப் போலவே மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னுமாக அமைந்த சாதாரணக் கால்தான் அதற்கு. நீருக்குள் மூழ்கியதும் உந்தும் வேலையைச் சிறகுகள் ஏற்றுக்கொள்கின்றன. வலுவான விரல்களும் நகங்களும் ஓடைக்கற்களைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன.