கலைச்சொல்: பனிச்சுமை ஏறி இறங்குவதால் வரும் புவிநடுக்கம்

வணக்கம் அண்ணை.

பனிச்சுமை ஏறி இறங்குவதால் வரும் புவிநடுக்கத்துக்கு 'பனிப்பாறை நடுக்கம்' என்று பெயரிடும் முன்மொழிவை ஏற்க முடியவில்லை. கிறீன்லாந்தில் பனியாற்றின் முகப்பு உடைந்து பெரும் பனிக்கட்டி கடலில் கவிழும்போது அளவு 5 வரையான அதிர்வுகள் பதிவாகின்றன. அந்தப் பெயர் அவற்றுக்கே உரியது; அங்கே அசைவது பனி. நாங்கள் பெயர் தேடுவது பாறை முறிகிற நடுக்கத்துக்கு. வட சுவீடனின் பார்வி பிளவு ஏறத்தாழ 155 கிலோமீற்றர் நீளம். கடைசிப் பனிக்காலம் முடிகிற காலத்தில், அளவு 8ஐ ஒட்டிய நடுக்கத்தில் அது பெயர்ந்ததாகக் கணிக்கிறார்கள். சில இடங்களில் 10 மீற்றர் உயரப் படியாக இன்றும் நிற்கிறது.

'பனியால் உண்டான' என்றும் எழுதக்கூடாது. 3 கிலோமீற்றர் தடித்த பனி தருவது 27 மெகாபஸ்கால் அமுக்கம்தான்; நடுக்கத்துக்கு அது மட்டும் காரணமல்ல. புவித்தட்டு அசைவு சேர்த்து வைத்த கிடைத் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் கிடையாகத் தாக்கும் விசை) பாறைக்குள் முன்பே இருந்தது. பனி வளர நிலைக்குத்துத் தகைப்பு கூடும். புவியின் மேலோடு வளைவதால் கிடைத் தகைப்பும் கூடும். மேற்பாறை மேலேறும் வகைப் பிளவில் மிகச் சிறியது நிலைக்குத்துத் தகைப்பு. ஆகவே சுமை அந்தப் பிளவைப் பூட்டி வைக்கிறது. பனி உருகியதும் நிலைக்குத்துப் பங்கு உடனே போய்விடும். கிடைப்பங்கு போக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும், ஏனெனில் மேலோட்டின் கீழுள்ள இடையோடு மிக மெதுவாகவே பாயும்; அதன் பாகுநிலை (பாய்வதற்குக் காட்டும் தடை) 10இன் 21ஆம் அடுக்கு பஸ்கால் செக்கனை ஒட்டியது. பிளவு வழுக்குவது அந்த இடைக்காலத்தில். எனவே 'பனிச்சுமை தூண்டு புவிநடுக்கம்' என்பேன்.

---

தம்பி, எனக்கும் அது சம்மதம். 'தூண்டு' கட்டாயம் இருக்கவேணும்.

ஆனால் பனிச்சுமை போனபின் நிலம் மெல்ல அசைகிற பொதுநிகழ்வுக்கு 'மீளெழுச்சி' என்ற சொல் போதாது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவின் வடபகுதி ஆண்டுக்கு 9 மில்லிமீற்றர் அளவில் எழும்புகிறது. பனி விளிம்புக்கு வெளியே அன்று புடைத்திருந்த நிலமோ தாழ்கிறது. இரண்டும் அடங்க 'பனிச்சுமைச் சமநிலைமீட்சி' என்று வைப்போம்.

கணினி மாதிரி செய்வோருக்கு 'மிதப்பு மீள்விசை' என்ற சொல்லும் வேணும்; அமிழ்ந்த நிலத்தை மீண்டும் மேலே தள்ளும் விசை அது. பொறியியலுக்கென எழுதிய மென்பொருளில் இது தானாக வராது. அடர்த்தி மாறும் ஒவ்வொரு எல்லையிலும் வில் பொருத்தவேணும். அதன் விறைப்பு, அடர்த்தி வேறுபாட்டை ஈர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கிய அளவு. விட்டுவிட்டால் சுமையின் கீழே நிலம் நிற்காமல் அமிழ்ந்துகொண்டே போகும். பக்க எல்லைகளைப் பனியின் ஆரையைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குத் தள்ளவும் வேணும், இல்லாவிட்டால் எல்லையின் பிடிப்பே தகைப்பாகக் கணக்கில் ஏறும். கணிப்பைப் பனி உச்சத்தில் தொடங்கினால் பனி வளர்ந்த காலத்தில் தளர்ந்த தகைப்பு கணக்கில் சேராமல் போகும்.

யாழ்ப்பாணத்து உயர்தர மாணவருக்குப் பழகியது 'தகைப்பு', தமிழ்நாட்டில் 'தகைவு'. பதிவில் இரண்டையும் இடுவோம். பிளவு வழுக்கும் நிலைக்கு எவ்வளவு நெருங்கியது என்று காட்டும் 'கூலோம் தகைப்பு மாற்றம்' என்ற பதிவில் குறியையும் சேர்த்துவிடும்: நேர் என்றால் பிளவு முறிவை நெருங்குகிறது. பிளவு முறிவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் 'பிளவு உறுதி எல்லை'யில் அது தலைகீழ். மாற்றம் எதிர்க்குறியாக வந்தால்தான் ஆபத்து.