பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்: வரைபடத்தில் இருக்கும் அபே (துறவிகள் மடம்) தேவாலயம் எங்கே?

கேம்பிரிட்ஜ்வாசி
இங்கிலாந்தில் சஃபோக்கில் இருக்கும் இந்த ஊரை வழிகாட்டி இல்லாமல், நடைபாதை வரைபடத் தாளும் போனும் மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினோம். ஏஞ்சல் ஹில்லில் ஆரம்பித்து அபே கேட் வழியாகப் பூங்காவுக்குள் போனதும் எல்லாம் குழம்பிவிட்டது. போனில் நீலப்புள்ளி தேவாலயத்துக்கு நட்டநடுவில் நிற்கிறது, சுற்றிப் பார்த்தால் புல்தரையும் மொட்டைக் கல் குவியல்களும்தான். பக்கத்தில் கோபுரத்தோடு பெரிதாக ஒன்று இருக்கிறதே, அதுவா? ஜிபிஎஸ் கோளாறா? சனிக்கிழமை அம்மாவோடு மறுபடி போகிறோம், அவருக்கு முழங்கால் வலி, வீணாக அலைய வைக்க முடியாது.

இப்ஸ்விச் அக்கா
ஜிபிஎஸ் சரிதான் தம்பி, நீங்கள் நின்றதே அந்தத் தேவாலயத்துக்குள்தான். 1539-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தைக் கலைத்த பிறகு செதுக்கிய கல்லையெல்லாம் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். சுவருக்குள் நிரப்பியிருந்த சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் மிச்சம், தோலுரித்த மாதிரி. கோபுரத்தோடு பார்த்தது செயின்ட் ஜேம்ஸ். அது ஊர்க்காரர்களின் கோயிலாக இருந்து 1914-ல்தான் பேராலயம் ஆனது, அந்த நடுக்கோபுரம் முடிந்ததே 2005-ல்.

அடுத்த தடவை அபே கேட் வழியாக நுழையாதீர்கள். சர்ச்கேட் தெருவில் இறங்கி வாருங்கள். நேர் எதிரே 12-ஆம் நூற்றாண்டு நார்மன் டவர் தெரியும், அது தேவாலயத்துக்கு வாசல். அதைத் தாண்டினால் மேற்கு முகப்பு, அதன் வளைவுகளுக்குள்ளேயே பின்னாளில் வீடு கட்டிவிட்டார்கள், ஜன்னலெல்லாம் வைத்து! 11-ஆம் நூற்றாண்டில் பால்ட்வின் என்ற மடாதிபதி தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டபோது இந்தத் தெருவைக் கோயிலுக்கு நேராக அமைத்தார், அதனால் அந்த நேர்கோட்டைப் பிடித்தாலே போதும், தாளே வேண்டாம். கிழக்குக் கோடியில் பலிபீடம் இருந்த இடம். 1214-ல் ஜான் மன்னருக்கு எதிராகப் பிரபுக்கள் சபதம் எடுத்தது அங்கேதான் என்று ஒரு தூணில் பலகை வைத்திருக்கிறார்கள். இருட்டினால் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள், அதை முதலில் முடியுங்கள்.

சந்தைப்பிரியன்
அக்கா சொன்ன வழிதான் சரி. ஆனால் சனிக்கிழமை என்றால் கார்ன்ஹில், பட்டர்மார்க்கெட் முழுக்கச் சந்தை (புதனும் உண்டு), கூட்டம் நெரியும். நட்ஷெல் பப் அதே பக்கம், மொத்தமே 15 அடிக்கு 7 அடி, கூரையில் உலர்ந்த பூனை ஒன்று தொங்கும். நாலு பேர் உள்ளே இருந்தாலே திரும்ப இடம் இருக்காது, அம்மாவை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்கு செயின்ட் மேரீஸ் தேவாலயம் நல்லது, நிதானமாக உட்காரலாம், எட்டாம் ஹென்றியின் தங்கை மேரியின் கல்லறையும் அங்கேதான்.

கேம்பிரிட்ஜ்வாசி
ரொம்ப நன்றி, அப்போது சர்ச்கேட் தெருவிலேயே ஆரம்பிக்கிறோம். ரயிலடியிலிருந்து அம்மா நடக்க முடியுமா?

இப்ஸ்விச் அக்கா
கால் மணி நேர நடை தம்பி. டாக்ஸி பிடித்துவிடுங்கள், அந்தத் தெம்பை உள்ளே சுற்ற வைத்துக்கொள்ளட்டும்.