மூச்சடக்கி மூழ்குவோருக்கும் ஸ்கூபா குழுவுக்கும் ஒருவரே பொறுப்பேற்கலாமா?

தரங்கை நீச்சல்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களைச் சேர்ந்த இளைஞர்கள் சேர்ந்து ஒரு நீச்சல் குழு நடத்தி வருகிறோம். பெரும்பாலோர் காவிரியின் வாய்க்கால்களிலும் ஊர்க் குளங்களிலும் நீந்தப் பழகியவர்கள். இப்போது மாஸ்க், ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய்), ஃபின்ஸ் (துடுப்புக் காலணி) அணிந்து கடலில் மூச்சடக்கி மூழ்குவதில் அவர்களுக்கு ஆர்வம் பிறந்திருக்கிறது. அவர்களில் சிலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். இவர்களைத் தவிர, புதுச்சேரியிலும் அந்தமானிலும் பயின்று ஸ்கூபா (காற்றுச் சிலிண்டர் சுமந்து மூழ்குதல்) சான்றிதழ் பெற்ற சில நண்பர்களும் குழுவில் இருக்கிறார்கள்.

வாடைக்காற்று அடங்கி நீர் தெளிந்த பிறகு, ஒரு ஃபைபர் படகை ஏற்பாடு செய்து இரு சாராரையும் ஒன்றாக அழைத்துச் செல்ல வேண்டும் என்பது திட்டம். நான் ஸ்கூபாவில் ரெஸ்க்யூ டைவர் (மீட்பு மூழ்குநர்) நிலை வரை முடித்திருப்பதால் குழுவுக்குத் தலைமை ஏற்கும்படி எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். ஏற்றுக்கொள்வதற்கு முன், எந்தத் தகுதியுடையவர் எந்த அளவுக்குப் பொறுப்பேற்கலாம் என்பதையும், தலைமை தாங்குபவர் நீருக்கு மேலும் கீழும் என்னென்ன கடமைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதையும் தெளிவாக அறிய விரும்புகிறேன். பூம்புகார் கடலுக்கடியில் உள்ள கட்டுமானத்தைக் காண வேண்டும் என்ற ஆசையும் சிலருக்கு இருக்கிறது. அது சாத்தியமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காரைக்கால் பயிற்றுநர் (பதில்)

தம்பிக்கு வணக்கம். பொறுப்பை ஏற்கும் முன்பே கேட்டது மிகவும் நல்லது.

ரெஸ்க்யூ டைவர் பயிற்சியில், தன்னை மட்டும் கவனித்துக்கொள்ளும் நிலையிலிருந்து பிறரையும் கவனிக்கும் நிலைக்கு ஒருவர் வருகிறார். ஆனாலும் அது தலைமைக்கான தகுதி ஆகாது. பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்கான ஐ.எஸ்.ஓ. 24801 தரநிலை மூழ்குநர்களை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் இருப்பவர் ஒரு தலைவரின் நேரடிக் கண்காணிப்பில் 12 மீட்டர் வரை மட்டுமே செல்லலாம். இரண்டாம் படியில் இருப்பவர் தமக்கு நிகரான துணையோடு 20 மீட்டர் வரை தாமே திட்டமிட்டு மூழ்கலாம். மூன்றாம் படியில் இருப்பவரைத்தான் அந்தத் தரநிலை குழுத் தலைவர் என்று அழைக்கிறது. முதல் படியில் உள்ளவர்களை நான்கு பேருக்கு மேல் ஒரு தலைவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்றும், அந்த நால்வரில் எவரையும் எந்த நொடியிலும் அவர் கையால் எட்டிப் பிடிக்கக் கூடிய தொலைவில் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. கலங்கல் மிகுந்த நம் கடலில் கையெட்டும் தொலைவு என்ற அந்த அளவுகோல் எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கு நால்வர்கூட அதிகம் என்பதே என் கருத்து.

அந்த மூன்றாம் படிக்கு இணையானதுதான் பாடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் டைவ் மாஸ்டர் தகுதி. அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ரெஸ்க்யூ டைவர் சான்றும், 24 மாதங்களுக்குள் பெற்ற முதலுதவிப் பயிற்சியும், மருத்துவர் கையொப்பமிட்ட உடற்தகுதிச் சான்றும் வேண்டும். பயிற்சியில் சேர 40 மூழ்கல்களும், சான்று பெற 60 மூழ்கல்களும் பதிவாகியிருக்க வேண்டும். டைவ் மாஸ்டராக இருப்பவர், ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற மூழ்குநர்களை வழிநடத்தலாம், பயிற்றுநருக்கு உதவலாம், மூச்சடக்கி மூழ்கும் பயிற்சியையும் கற்பிக்கலாம். ஆனால் புதியவருக்கு ஸ்கூபா கற்பித்துச் சான்று வழங்கும் உரிமை பயிற்றுநருக்கு மட்டுமே உண்டு. ஆகவே உங்கள் குழுவில் சான்றிதழ் இல்லாத எவருக்கும், ஒருமுறை பார்க்கட்டும் என்று கூட, நீங்கள் சிலிண்டர் மாட்டிவிடக் கூடாது. சான்றிதழ் பெற்ற நண்பர்களோடு நீங்கள் நிகரான துணையாக மூழ்கலாம். அவர்களுக்குப் பொறுப்பாளராகச் செல்ல முடியாது.

இனி இரு குழுக்களைப் பற்றி. ஒரே படகில் ஒரே நேரத்தில் இருவகை மூழ்கலும் நடத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஸ்கூபாவில் கீழே இருப்பவர் அந்த ஆழத்தின் அழுத்தத்திலுள்ள காற்றைச் சுவாசிக்கிறார். மூச்சடக்கி இறங்கிய சிறுவன் ஒருவன் விளையாட்டாக அவருடைய ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றைத் தரும் வாய்க்கருவி) ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, அதை அடக்கியபடியே மேலே வந்தால், 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிய அதில் பாதி தொலைவுகூட வேண்டாம். ஸ்கூபா முடித்தவர்கள் அன்றே ஆழமாக மூச்சடக்கி மூழ்குவதும் ஆபத்தானது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அப்போது தொல்லை தரும்.

மூச்சடக்கி மூழ்குவோருக்கு ஏற்படும் ஆபத்து வேறு வகையானது, சத்தமில்லாமல் வருவது. நம் ஊர்க் குளங்களில் யார் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது என்று போட்டி போடும் பிள்ளைகள், இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதல்தான் தாமதமாகிறது. மேலே வரும்போது நீரின் அழுத்தம் குறையக் குறைய இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தமும் சட்டென்று சரிந்து, நீர்மட்டத்துக்கு அருகிலோ, தலை வெளியே வந்த பிறகோகூட மூழ்கியவன் மயங்கிவிடுவான். ஆகவே அந்தக் குழுவின் தலைவர் முதலில் செய்ய வேண்டியது மூச்சுப் போட்டியை முற்றிலும் தடை செய்வது. அடுத்து, இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கீழே செல்லும்போது மற்றவர் மேலே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கச் செய்ய வேண்டும். அவர் மேலே வந்த பிறகும் அரை நிமிடமாவது கண்ணை எடுக்கக் கூடாது. முற்காலத்து முத்துக்குளிப்பில்கூட ஒருவர் மூழ்கினால் படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி அவருக்காகவே நின்றார்.

ஸ்கூபா குழுவின் தலைவர் நீரில் இறங்கும் முன் தெரிவிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத வேண்டியதில்லை, பயிற்சியில் படித்திருப்பீர்கள்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், சிலிண்டரில் எத்தனை பார் (காற்றழுத்த அலகு) இருக்கும்போது திரும்புவது, துணையைக் காணாவிட்டால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வருவது, மேலே வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது ஆகியவை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எண்ணிக்கையைப் பற்றித்தான். 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், டாம் லோனர்கன், எய்லீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதியை நீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. ஆட்களைச் சரியாக எண்ணாததே காரணம். அவர்களுடைய பைகள் படகிலேயே இருந்தும், இரண்டு நாள் கழித்துத்தான் அவர்கள் திரும்பவில்லை என்பது உணரப்பட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. 2004-இல் கலிஃபோர்னியா கடலில், இன்னும் நீரில் இருந்த ஒருவர் பெயருக்கு எதிரே படகில் ஏறிவிட்டதாகக் குறித்துவிட்டு அடுத்த இடத்துக்கே போய்விட்டார்கள். அவர் சில மணி நேரம் மிதந்து, அவ்வழியே வந்த ஒரு பாய்மரக் கப்பலால் மீட்கப்பட்டார்.

இந்த நிகழ்வுகளிலிருந்து நான் கொண்டிருக்கும் முடிவு இதுதான்: நீரில் இறங்குபவர் எண்ணிக்கைக்குப் பொறுப்பாளராக இருக்க முடியாது. கீழே வழிநடத்த ஒருவரும், உடல் நனையாமல் படகிலேயே நின்று பெயர்ப் பட்டியலும் கடிகாரமும் வைத்திருக்க மற்றொருவரும் வேண்டும். ஒவ்வொருவரும் ஏறியதும் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, அவர் வாயால் பதில் வந்த பிறகே குறிக்க வேண்டும். அந்த இரண்டாம் ஆள் உங்களுக்குக் கிடைக்காவிட்டால் படகைத் தள்ளாதீர்கள்.

பூம்புகாரைப் பற்றி ஒரு சொல். 1991-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வில் தெரியவந்த அந்தக் குதிரைலாட வடிவக் கட்டுமானம் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் 23 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க நிலைச் சான்று பெற்றவருக்கான எல்லை 18 மீட்டர். 23 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 3.3 மடங்கு என்பதால் சிலிண்டரும் அதே விகிதத்தில் விரைந்து காலியாகும். கலங்கலும் நீரோட்டமும் உள்ள அந்த இடத்துக்கு உங்கள் குழு இப்போது போகக் கூடாது.

பழையாறு படகுக்காரர் (பதில்)

தம்பி, பயிற்றுநர் ஐயா சொன்னவற்றோடு படகின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். நீங்கள் தலைவராக இருந்தாலும், கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதில் படகோட்டிக்கும் சம உரிமை கொடுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அன்று போகக் கூடாது. மேற்பரப்பு அமைதியாக இருக்கும் நாளிலும் அடியில் நீவாடு (நீரோட்டம்) பலமாக இழுக்கும். நங்கூரக் கயிறு எந்தப் பக்கம் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதைப் பார்த்தே நாங்கள் அதை அறிகிறோம். கொள்ளிடத்தில் உபரி நீர் வரும் நாட்களில் முகத்துவாரத்தின் இரு பக்கமும் நீர் செம்மண் நிறமாகிவிடும், பக்கத்தில் இருப்பவர்கூடத் தெரியமாட்டார். அப்போது எங்கள் ஆட்களே இறங்குவதில்லை.

ஆட்கள் நீரில் இருக்கும்வரை என்ஜினை ஓட விடக் கூடாது. மேலே வருபவர் தலைக்கும் என்ஜினின் விசிறிக்கும் நடுவே வேறு காப்பு எதுவும் இல்லை. மற்றப் படகுகளுக்குத் தெரியும்படி கொடி கட்டிய மிதவை ஒன்றையும் போட வேண்டும். அந்தக் கொடியின் பொருளை மீன்பிடிப் படகுகள் எல்லாம் அறிந்திருக்காது என்பதால், போகும் இடத்தையும் நேரத்தையும் முந்தைய நாளே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிடுவது நல்லது. பார் (கடலடிப் பாறை) உள்ள இடங்களில் அறுந்த வலைகள் சிக்கிக் கிடக்கும். கத்தி இல்லாமல் எவரையும் இறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு நடமாட்டம் இல்லாததால் உங்களுக்கு நெருக்கடி குறையும். ஃபைபர் படகுகள் அப்போதும் வலை விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

குடந்தை வழக்கறிஞர் (பதில்)

சட்டம் தொடர்பாகச் சுருக்கமாக எழுதுகிறேன். கட்டணம் பெற்று அழைத்துச் சென்றால் அது சேவை ஆகிவிடுகிறது. குறை நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொறுப்பு வரும். கட்டணம் இல்லாமல் நட்பின் பேரில் அழைத்துச் சென்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு பொருந்தும். அதில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு, பணம் வாங்கவில்லை என்பது அதற்கு விடை ஆகாது. எங்கள் பொறுப்பில் வருகிறோம் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைப்பது குற்ற வழக்கைத் தடுக்காது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால் அவர்களிடம் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. பெற்றோரை நேரில் அழைத்து, ஆபத்துகளை விளக்கி, எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுக்கு இல்லாத தகுதி இருப்பதாகப் பிறர் நம்பும்படி அழைப்பிதழிலோ வாட்ஸ்அப் குழுவிலோ “தலைவர்”, “பயிற்சியாளர்” என்று உங்கள் பெயரைப் போட அனுமதிக்காதீர்கள். நாளை அதுவே உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாகும்.

தரங்கை நீச்சல்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்கூபா நண்பர்களைத் தனியாகப் புதுச்சேரிக்கு அனுப்பி, அங்குள்ள தகுதி பெற்ற டைவ் மாஸ்டரின் கீழ் மூழ்கச் சொல்ல முடிவு செய்திருக்கிறேன். இளைஞர்களைப் பொறுத்தவரை, நான் டைவ் மாஸ்டர் ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது ஏதாவது ஓர் அளவில் இப்போதே தொடங்கலாமா? படகில் எந்த அவசர உதவிப் பொருட்கள் கட்டாயம் இருக்க வேண்டும்?

காரைக்கால் பயிற்றுநர்

தொடங்கலாம். ஆனால் கடலில் வேண்டாம். நீச்சல் குளத்தில், ஒரு டைவ் மாஸ்டரையோ பயிற்றுநரையோ அழைத்துவந்து, அவருக்கு உதவியாளராக நீங்கள் நில்லுங்கள். மாஸ்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது, ஸ்நார்க்கெலை ஊதித் தெளிவிப்பது, இறங்கத் தொடங்கியதுமே காதின் அழுத்தத்தைச் சமன் செய்வது, மயங்கியவரை முகம் நீருக்கு மேலே இருக்கும்படி இழுத்துவருவது ஆகிய நான்கும் எல்லோருக்கும் கைவந்த பிறகே கடலைப் பற்றிப் பேசலாம். சளி பிடித்திருப்பவரை அன்று குளத்தில்கூட இறக்கக் கூடாது. காது அடைத்தபடி அழுத்தி இறங்கினால் செவிப்பறை கிழியும்.

படகில் முதலுதவிப் பெட்டி, குடிநீர், விசில் ஆகியவற்றோடு ஆக்சிஜன் சிலிண்டரும் அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். நீரில் மயங்கியவருக்கும், அழுத்த மாறுபாட்டால் பாதிக்கப்பட்டவருக்கும் தூய ஆக்சிஜனே முதல் சிகிச்சை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554, ஆம்புலன்ஸுக்கான 108 ஆகிய எண்களை எண்ணிக்கைப் பொறுப்பாளரின் பட்டியல் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். அதே தாளின் ஒரு படியை, நீங்கள் திரும்ப வேண்டிய நேரத்தையும் குறித்து, கரையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அந்த நேரம் கடந்து எவ்வளவு பொறுத்து அவர் 1093-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.