ரெண்டு போட்டோவ சேர்த்துப் பாத்தா ஆழம் தலைகீழா தெரியுது, ஏன்?

கேள்வி:
வணக்கம். போன்லயே ரெண்டு போட்டோ எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு மூக்க பாக்குற மாதிரி கண்ண உள்ள திருப்பினா த்ரீடியா தெரியும்னு படிச்சுட்டு மொட்டை மாடில செம்பருத்திய எடுத்தேன். ஒண்ணு எடுத்துட்டு ஒரு அடி வலது பக்கம் தள்ளி இன்னொண்ணு. இடதை இடதுலயும் வலதை வலதுலயும் ஒட்டினேன். நடுவுல ஒரு படம் சேர்ந்து வருது, ஆனா பூ பின்னாடி போயிடுது, சுவர் முன்னாடி வந்து நிக்குது! தலைவலி வேற. எங்க தப்பு?

பதில் 1:
கண்ண உள்ள திருப்பும்போது இடது கண்ணு வலது பக்கப் படத்தையும் வலது கண்ணு இடது பக்கப் படத்தையும் பிடிக்கும், அதான் ஆழம் புரண்டுடுச்சு. படத்த இடம் மாத்தி ஒட்டுங்க, சரியாயிடும்.

பதில் 2:
தலைவலிக்குக் காரணம் அந்த ஒரு அடி. பக்கத்துல இருக்குற பொருள் எவ்ளோ தூரமோ அதுல 30ல ஒரு பங்கு தள்ளினா போதும், பூ ஒன்றரை மீட்டர்ல இருந்தா 5 செ.மீ. தான். போன பூ பக்கம் திருப்பாம நேரா நகர்த்துங்க, காத்து நின்னப்புறம் எடுங்க, இல்லன்னா இலை ரெண்டு படத்துலயும் வேற வேற இடத்துல இருக்கும். மலைய எடுக்கறதா இருந்தா பல மீட்டர் தள்ளிக்கூட எடுக்கலாம், ஆனா மலை பொம்மை மாதிரி குட்டியா தெரியும்.

பதில் 3:
இதோட ஆரம்பமே எனக்கு ரொம்பப் பிடிக்கும். சார்லஸ் வீட்ஸ்டன்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி 1838ல ஸ்டீரியோஸ்கோப் (ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்த தனித்தனியா காட்டி ஆழத்தோட தெரிய வைக்கிற கருவி) பத்தி எழுதினப்போ, பிரான்ஸ்காரர் டாகரோட போட்டோ முறை இன்னும் வெளியவே வரல, அது வந்தது 1839ல. அதனால வெறும் கோட்டுப் படங்கள வரைஞ்சு ரெண்டு முகம் பாக்குற கண்ணாடி வச்சுக் காமிச்சாரு. ஆழம் படத்துல இல்ல, ரெண்டு கண்ணும் பாக்குற வித்தியாசத்த வச்சு மூளைதான் அத உண்டாக்குது. என் தம்பிக்கு சின்ன வயசுல மாறுகண்ணு, இந்தப் படங்க அவனுக்கு எழும்பவே எழும்பாது, ஆனா ஒண்ண ஒண்ணு மறைக்கறது, தூரம் போகப் போக சிறுசாகறது இதெல்லாம் வச்சே பந்த கரெக்டா பிடிப்பான்.

கேள்வி கேட்டவர்:
5 செ.மீ. தள்ளி எடுத்து இடம் மாத்திப் பாத்தேன். பூ முன்னாடி வந்துடுச்சுங்க! நடுவுல நீட்டிட்டிருக்குற அந்தத் தண்டு அப்படியே என் மூஞ்சிக்கு நேரா வருது. எங்கம்மாவ கூப்பிட்டு பாக்கச் சொல்லிட்டு இருக்கேன், அவங்களுக்கு இன்னும் ரெண்டாவே தெரியுதாம்.