காந்தம் ஒட்டலைன்னா 316-ஆ? படகுக்குள்ள மடக்குக் கதவுக்குக் கீல்

காயல்வாசி: ஆலப்புழையில எங்க கெட்டுவள்ளம் வீட்டுப்படகோட குளியலறைக் கதவை மாத்துறோம். நடை ரொம்பக் குறுகல். முழுக் கதவு திறந்தா ஆள் போக முடியாது. அதனால ரெண்டு பலகையா மடங்குற கதவு, மேல தண்டவாளம். இன்னொரு இழையில பாலிடெக்னிக் பாலு, "காந்தம் ஒட்டாத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கீல்னா அது 316 ரகம், கண்ணை மூடிட்டு வாங்கலாம்"னு எழுதியிருந்தார். வாங்கலாமா? நடுக் கீல் எந்தப் பக்கம் வரணும்?

தச்சன்மகன்: தயவுசெஞ்சு அதை நம்பி வாங்காதீங்க. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 304 ரகத்துலயும் காந்தம் ஒட்டாது, 316-லயும் ஒட்டாது. நம்ம ஊர்க் கடையில மலிவா விக்கிற 202-லயும் ஒட்டாது. அதுல நிக்கல் கம்மி, மாங்கனீசு ஜாஸ்தி, ஈரத்துல சீக்கிரம் துரு கக்கும். 316-ஐ 316 ஆக்குறது அதுல இருக்கிற 2–3% மாலிப்டினம். அது காந்தத்துக்கு எப்படித் தெரியும்?

பாலிடெக்னிக் பாலு: படிச்சவங்க சொன்னா ஏத்துக்கிற பழக்கம் உங்களுக்கு எப்பவுமே கிடையாதே. என்கிட்ட இருக்கிற 316 கீல்ல காந்தம் ஒட்டலை. துருவும் பிடிக்கலை. வேற என்ன நிரூபணம் வேணும்?

தச்சன்மகன்: உங்க 316-ல ஒட்டலைங்கிறதால, ஒட்டாததெல்லாம் 316 ஆயிடுமா? நல்ல 304 தகட்டைக் கீலோட பின் நுழையுற குழலா வளைச்சா, வளைச்ச இடத்துல லேசா காந்தம் இழுக்கும். உங்க கணக்குப்படி அந்த நல்ல கீலைக் குப்பையில போட்டுட்டு 202-ஐ வாங்கிட்டு வருவார். சந்தேகம்னா எஸ்.எஸ். கடையில மாலிப்டினம் சொட்டுச் சோதனை பண்ணச் சொல்லுங்க, நிறம் மாறுறதுல தெரிஞ்சிடும்.

குட்டநாட்டான்: ஆலப்புழைக்கு உப்பு தாங்குற 316 எதுக்கு? உப்புத் தண்ணியைத் தடுக்க ஏரிக்குக் குறுக்கே ஷட்டர் வச்சுக் கட்டின தண்ணீர்முக்கம் பண்டுக்குத் தெற்கே நல்ல தண்ணிதானே.

பாலிடெக்னிக் பாலு: வேம்பநாடு உப்பு ஏரி. இதுகூடத் தெரியாம வந்துட்டீங்க.

குட்டநாட்டான்: நெல்லு வயலுக்கு உப்பு ஏறக் கூடாதுன்னுதான் கோடையில ஷட்டரை இறக்குறாங்க. எங்க வீட்டு வாசல்ல ஓடுற தண்ணியை எனக்குச் சொல்லித் தராதீங்க.

பாலிடெக்னிக் பாலு: ஷட்டரைத் தூக்குனதும் உப்பு உள்ள வருமா வராதா?

தச்சன்மகன்: ரெண்டு பேரும் ஏரியை விடுங்க, கதவு இருக்கிறது குளியலறையில. அங்க கீலைத் தின்னுறது சோப்புத் தண்ணியும், காயாத ஈரமும், தரை கழுவுற ஆசிடும்தான். ஆசிட் ஆவிக்கு 304 கூடத் தாங்காது, அந்த பாட்டிலை முதல்ல படகை விட்டு இறக்குங்க.

காயல்வாசி, உங்க கேள்விக்கு வர்றேன். சட்டத்துக் கீலோட குழல் ஒரு முகத்துல இருந்தா, நடுக் கீலோட குழல் எதிர் முகத்துல வரணும். ரெண்டும் ஒரே பக்கம் வச்சா, தண்டவாளத்துல ஓடுற கதவு மடங்கவே மடங்காது. நடுவுல மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே நீளமா பியானோ கீல் போடுங்க. படகு ஆடும்போது பாரம் ரெண்டு மூணு இடத்துல மட்டும் விழாது, பலகையும் முறுக்காது. ஆனா 12 மி.மீ. பிளைவுட்டோட விளிம்புல திருகாணி நிக்காது, அடுக்கு பிளந்துக்கும். விளிம்புல அயினி மர ரீப்பர் (ஒல்லிச் சட்டம்) ஒட்டிட்டு அதுல முடுக்குங்க. கீல் எஸ்.எஸ்.னா திருகாணியும் எஸ்.எஸ்.தான். பித்தளைத் திருகாணி போட்டா ஈரத்துல அது அரிச்சுப் போகும்.

காயல்வாசி: நன்றி அண்ணே. அப்பா பித்தளைக் கீலே போதும்ங்கிறார். பழைய கதவுல அதுதான் இருந்துச்சு.

தச்சன்மகன்: அப்பா சொல்றது சரி. உள்கதவுக்கு கெட்டிப் பித்தளை நல்லா உழைக்கும். பித்தளை முலாம் பூசின இரும்பைத் தலையில கட்டிடுவாங்க, அதைப் பாருங்க. கீல் பித்தளையா இருந்தும் உள்ள பின் இரும்பா இருக்கும், அதையும் காந்தம் வச்சுப் பாருங்க.

பாலிடெக்னிக் பாலு: ஆக, காந்தம் வேணும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்றேன்.

தச்சன்மகன்: நான் எதை ஒத்துக்கிட்டேன்? பித்தளைக்குள்ள இரும்பு ஒளிஞ்சிருந்தா காந்தம் காட்டும். எஸ்.எஸ்.ல 202-ஆ 316-ஆன்னு அதுக்குத் தெரியாது. நீங்க எழுதினது "ஒட்டலைன்னா 316". அந்த வரியை இன்னும் எடுக்கலை. அதைப் படிச்சு எத்தனை பேர் காசைத் தொலைப்பாங்களோ.

பாலிடெக்னிக் பாலு: எடுக்க மாட்டேன். போன வருஷம் வார்னிஷ் விவாதத்துலயும் இப்படித்தான் என் பேரைக் கெடுத்தீங்க.

குட்டநாட்டான்: வார்னிஷ் விஷயத்துலயும் தச்சன்மகன் சொன்னதுதான் சரி.

பாலிடெக்னிக் பாலு: நல்ல தண்ணின்னு சொன்ன ஆள் நீங்க. உங்க சாட்சி எனக்கு வேண்டாம்.

தச்சன்மகன்: வார்னிஷுக்குத் தனி இழை போடுங்க, அங்கயும் வர்றேன். இங்க 202-ல காந்தம் ஒட்டுமா, ஒட்டாதா? ஒரு வரியில பதில் சொல்லுங்க.