ஒயினின் ‘பாடி’ (body) என்பதற்குக் கலைச்சொல்: செறிவா, அடர்த்தியா, கனமா?

> ஒயின் சுவைக்குறிப்புகளில் வரும் ‘பாடி’ என்பதற்குச் செறிவு, அடர்த்தி, திண்மை மூன்றும் நம் கலைச்சொல் பட்டியலில் உள்ளன. ‘உடல்’ பொருந்தாது என்று விட்டுவிட்டேன். செறிவையே முதன்மைச் சொல்லாக வைக்கலாமா?

வணக்கம் ஐயா.

‘உடல்’ வேண்டாம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் செறிவை இங்கே செலவழித்துவிட வேண்டாம். மணமும் சுவையும் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்பதைச் சொல்ல அந்தச் சொல் நமக்குத் தேவை. ‘பாடி’ அதுவல்ல, வாயில் ஒயின் எவ்வளவு பாரமாக உணரப்படுகிறது என்பது.

ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயினில், கபினெட் எனும் இலேசான வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பு எஞ்சிய புட்டிகளில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 விழுக்காடுதான். வாயில் லேசாக ஓடிவிடும். ஆனால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச் மணம் கோப்பையைக் கிட்டே கொண்டுபோனதுமே எழும். இதைச் ‘செறிவு குறைந்தது’ என்று எழுதினால் குறிப்பே தவறாகிவிடும்.

அடர்த்தி இன்னும் சிக்கல். ஆல்கஹால் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே இனிப்பு எஞ்சாத ஒயின்களில், மற்றவை ஒத்திருந்தால், ஆல்கஹால் ஏற ஏற அடர்த்தி இறங்கும். வாயில் உணரும் பாரமோ கூடும். பள்ளி இயற்பியல் படித்த எவரும் இங்கே நம்மைப் பிடித்துக்கொள்வார். திண்மை, ‘திண்மம்’ என்பதோடு குழம்பும்.

என் பரிந்துரை: கனம். ‘வாய்க்கனம்’ என்று நீட்ட வேண்டாம். தலைக்கனம், வாய்க்கொழுப்பு எல்லாம் நினைவுக்கு வரும். சுவைக்குறிப்புக்குள் ‘கனம்’ என்றாலே போதும்.

பட்டியலில் இந்தச் சொல்லுக்கான விளக்கத்தில் ‘கிளிசரால் தரும் தன்மை’ என்று இருப்பதை நீக்கிவிடுங்கள். ஒயினில் கிளிசரால் பொதுவாக லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். வெள்ளை ஒயினில் அது குழகுழப்பாக உணரப்பட ஏறத்தாழ 25 கிராம் தேவைப்படுகிறது. கனத்துக்கு முதல் காரணம் ஆல்கஹால். அடுத்தது எஞ்சிய சர்க்கரையும் கரைந்துள்ள பிற பொருள்களும். கோப்பைச் சுவரில் வழியும் ‘கண்ணீரை’ப் பார்த்துக் கனத்தைச் சொல்வதும் சரியல்ல. சுவரில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் விரைவாக ஆவியாக, அங்கே பரப்பு இழுவிசை கூடி, கீழிருந்து ஒயினை மேலே இழுக்கிறது. அது திரண்டு துளியாக வழிகிறது. ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே இதை விளக்கிவிட்டார். அது ஆல்கஹால் இருப்பதைக் காட்டுமே தவிர, தரத்தை அல்ல.

கனமும் செறிவும் வேறு என்பதை நாவிலேயே சோதிக்கலாம். இனிப்பு எஞ்சாத, 11 விழுக்காடு ஆல்கஹால் உள்ள வெள்ளை ஒயின் போதும். முதல் கோப்பையில் 100 மி.லி. அப்படியே. இரண்டாவதில் 100 மி.லி.யோடு 10 மி.லி. தண்ணீர், ஆல்கஹால் 10 விழுக்காட்டுக்கு இறங்கும். மூன்றாவதில் 100 மி.லி.யோடு மணமில்லாத 40 விழுக்காடு வோட்கா 10 மி.லி.; ஏறத்தாழ 13.6-க்கு ஏறும். மூடிவைத்து அரை மணி நேரம் கழித்து, மூன்றையும் 12 டிகிரி செல்சியஸில் சுவையுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு நீர்த்தவை. புளிப்பும் பழச்சுவையும் இரண்டிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருக்கின்றன. ஆனாலும் மூன்றாவது, தொடாத முதல் கோப்பையைவிடக் கனமாக நிற்கும். செறிவு இறங்கிக் கனம் ஏறிய ஒயின் அது.

கலந்த உடனே சுவைத்தால் வோட்காவின் காரம் மூக்கில் ஏறி மற்றதை மறைத்துவிடும். விழுங்கினால் தொண்டை எரிச்சலைக் கனம் என்று எண்ணத் தோன்றும். வாயில் உருட்டிவிட்டுத் துப்புவதே நல்லது. ஒரு கோப்பை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும்.

---

> என் பரிந்துரை: கனம்.

எனக்கும் உடன்பாடே. கணிதத்தில் ‘கன அளவு’ இருந்தாலும் சுவைக்குறிப்பில் குழப்பம் வராது. துவர்ப்பு மிகுந்தால் கனமும் மிகும் என்று ஒரு வரி சேர்க்கலாமா?

---

வேண்டாம், ஐயா. சுவைக்குறிப்புப் படிவத்தில் துவர்ப்பு தனிக் கட்டத்தில் இருக்கட்டும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து படிகிறது. உமிழ்நீரின் வழவழப்பு போய் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறள்கின்றன. அதை அங்கேதான் தேட வேண்டும், துப்பிய பிறகு. கனத்தை, ஒயின் நாக்கின் மேல் அசையும்போதே குறித்துவிட வேண்டும்.

பிரான்சின் ஷத்தோனெஃப்-து-பாப் பகுதியில் கிரெனாஷ் திராட்சை மிகுந்த சிவப்பு ஒயின்கள் இதற்கு நல்ல சான்று. ஆல்கஹால் 14-ஐத் தாண்டும், கனம் முழுமையாக இருக்கும்; துவர்ப்போ மென்மை. இத்தாலியின் பரோலோவில் விளையும் நெபியோலோ திராட்சையின் சிவப்பு ஒயினில் துவர்ப்பும் புளிப்பும் ஓங்கி நிற்கும், ஆனால் நிறம் வெளிர். எனவே நிறத்தைப் பார்த்தும் கனத்தை எழுதக் கூடாது.

அளவுகோலுக்கு ஐந்து படி போதும்: இலேசு, நடுவுக்குக் கீழ், நடு, நடுவுக்கு மேல், முழு. ‘மென்கனம்’, ‘நிறைகனம்’ என்பவை உரைநடைக்கு அழகாக இருக்கும். ஆனால் நடுப்படிகளுக்கு அப்படிச் சொல் அமையவில்லை. ஆகவே படிவத்தில் ‘கனம்: நடுவுக்கு மேல்’ என்றே போடுங்கள்.