முதல் ஒன்றரை நிமிடத்தில் பேயை எங்கே வைப்பது?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். 12 நிமிட ஆக்‌ஷன் திகில் படம், இயக்கம் நான். தொடக்கக் காட்சி மட்டும் ஒரு மாதமாக எங்கள் ஐந்து பேரையும் தூங்கவிடவில்லை.

முதலில் எழுதியதில் எடுத்த எடுப்பிலேயே ஓட்டம், கத்தி, ரத்தம். ஒன்றரை நிமிடத்துக்கு 31 ஷாட். நாங்களே ஓடி, கைபேசியில் எடுத்து ஒட்டிப் பார்த்தோம். பயமே வரவில்லை. பாட்டியிடம் காட்டினேன். "படி எந்தப் பக்கம்மா இருக்கு? அந்தப் புள்ள எங்க ஓடுது?" என்றார். சிங்கப்பூரில் தோ பாயோ அடுக்குமாடி புளோக்கிலேயே காலம் கழித்தவருக்கு அந்தத் தாழ்வாரம் புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்?

அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். "அப்பல்லாம் நம்ம மாடியில லிஃப்ட் நிக்காது. மேல போய் இறங்கி, அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டுப் படியில கீழ வருவேன்." 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கும்வரை பழைய புளோக்குகள் பலவற்றில் சில மாடிகளில் மட்டும்தான் மின்தூக்கி நிற்கும். எங்கள் படம் அங்கேயே பிறந்துவிட்டது. கதாநாயகி இரவு வேலை முடிந்து வருகிறாள். மின்தூக்கி தானாக நிற்கிறது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் வெறும் சுவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டுகிறார்கள். செலவு, கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய ஒரு சாம்பல்நிற அட்டை.

அதன்பின் வெட்டே இல்லாமல் 40 விநாடி அவள் தாழ்வாரத்தில் நடக்கிறாள். சைக்கிள், செருப்பு அலமாரி, பூட்டு தொங்கும் இரும்புக் கதவு, கடைசியில் படி. ஒன்பதாவது நிமிடச் சண்டையில் அவள் கையில் எடுக்கப்போவது எல்லாம் இதில் இருக்கிறது. பேய் இல்லை. தாழ்வாரத்தில் தீப்பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் வழி விட்டே ஆக வேண்டும் என்பதால் படப்பிடிப்பு விளக்குகளை நிறுத்தும் கம்பங்களைக் கைவிட்டோம். நகர மன்ற அனுமதிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இடம் பார்க்கப் போனது, பசித்த ஆவிகளுக்குச் சீனர்கள் படையல் வைக்கும் ஏழாம் மாதத்தில். கீழ்த்தளத்துக்கு வெளியே புல்லோரம் ஒரு சீன அங்கிள் ஊதுவத்தி, ஆரஞ்சு, சோறு எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார். தோழி முக்காலியை அருகில் வைக்கப் போனாள். அவர் கையை உயர்த்தி, பாதி மலாயில், "பசிச்சு வருவாங்க, அவங்க சாப்பாடு" என்றார். அதட்டல் இல்லை. எங்கள் திட்டத்தில் கதாநாயகி ஓடும்போது தாள் எரிக்கும் டின்னை உதைத்துத் தள்ளுகிறாள்! நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஷாட்டை அங்கேயே திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது அவள் வீடு திரும்பும் களைப்பிலும் படையலைச் சுற்றிக்கொண்டு போகிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்று காட்ட ஒரு பக்க வசனம் வைத்திருந்தோம். அதுவும் போயிற்று.

◆

தங்கச்சி, நான் விளக்கு வேலை பார்ப்பவன். தாழ்வாரத்துக் குழல்விளக்கை நம்பி இறங்கினால் ஒன்றைக் கவனி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். நீ விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தாலும் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வை. ஒரு குறும்படத்தில் நாங்கள் 1/60இல் விட்டோம். படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன, ஓர் இரவு உழைப்பு வீண். விளக்கு மினுங்க வேண்டுமென்றால் சொந்தமாக ஓர் எல்இடி கொண்டுபோய்க் கையால் கூட்டிக் குறை.

கத்தியோடு ஓடும் காட்சி இருந்தால் காவல்துறையிடமும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் முன்கூட்டியே சொல்லிவிடு. எங்கள் நடிகர் கையில் இருந்தது ரப்பர் கத்தி. எதிர் புளோக்கிலிருந்து யாரோ 999-க்கு அழைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் அது கத்திதான்.

◆

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டையும் திட்டத் தாளில் எழுதிவிட்டேன். தட்டும் சத்தத்துக்கு நேற்று பாட்டியின் குழவிக்கல்லைத் துணியில் சுற்றிச் சுவரில் தட்டிப் பதிவு செய்தோம். மூன்று முறை தட்டினேன். இரண்டு போதும் என்றார் பாட்டி. மூன்றாவது எப்போது வரும் என்று காத்திருக்கும்போதுதான் அவருக்கு வயிற்றைக் கலக்கியதாம்.